நாற்பது தட்டு

கார்த்திகை ஏழாம் தேதி ராத்திரி
கண்மாய்க் கரை அறுத்துக்கொண்டது.
புதுவயல் மில்லுக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில் இருந்த பதினொரு குடும்பமும்
அவித்த நெல்லோடு மிதக்கிறது என்று
போனில் சொன்னார்கள்.
மிதக்கவில்லை. இடுப்பளவு தண்ணீர்.
பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு
சாலையில் நின்றார்கள்,
காலஹண்டியிலிருந்து வந்தவர்கள்,
எந்தப் பக்கம் மேடு என்று கேட்க
எங்கள் மொழி இல்லாமல்.

பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தைத் திறந்துவிட்டோம்.
சங்கத்தின் சார்பில் நான் கொண்டுபோனது
போர்வை, ரொட்டி, குளோரின் மாத்திரை,
ஒரு படிவம்.
'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தில்
பனமாலி மாஜி
மை தொட்ட கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.
ரேகை வைக்கும் இடம் கீழே இருந்தது.
நான் திருத்தவில்லை.

பள்ளத்தூரில்
அறுபத்திரண்டு சன்னல் உள்ள வீட்டைக்
கேட்டுப் பார்த்தேன்.
சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது:
வீடு ஏழு பங்காளிக்குச் சொந்தம்,
ஏழு கையெழுத்தும் வேண்டும்.
தட்டு தருகிறேன், ஆத்தாவுக்கு வந்த சீர்,
அது எனக்கு மட்டும்.
கணக்குப்பிள்ளை வயிரவன் கொண்டுவந்தார்,
சாக்குக்குப் பத்தாக நாலு சாக்கு,
எவர்சில்வர்,
ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்.

மறுநாள் முகாமிலிருந்து
மினி பஸ்ஸில் வந்து இறங்கினார் மெற்றில்டா,
நான்கு பெண்களும்
ஒரு சுருள் தேங்காய்நார்க் கயிறுமாக.
கூடத்தை ஒரு சுற்று பார்த்தார்.
'சாப்பாடு குடுத்தியள், சரி.
உடுப்பு எங்க மாத்துறது?'

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

சன்னல் கம்பிக்கும் கரும்பலகை ஆணிக்குமாகக்
கயிறு ஓடியது.
ஒரு பெண் நிமிர்ந்து நின்று
சேலை சுற்றும் உயரத்தில்.
தொண்ணூறில் தலைமன்னாரிலிருந்து படகேறி
மண்டபத்தில் இருபது நாள்
சுவரில்லாமல் படுத்தவர் என்று
கூட வந்தவள் சொன்னாள். அவர் சொல்லவில்லை.
முகாம்ப் பெண்களின் பழைய சேலைகள் தொங்கின.
மதியத்துக்குள்
ஏதோ ஒரு சேலைக்கு அந்தப் பக்கம்
ஒருத்தி புருஷனோடு சண்டை பிடிக்கும் சத்தம்,
வந்து இரண்டு நாளில் முதல் தடவை.
'இப்ப சரி' என்றார் மெற்றில்டா.

சாப்பாட்டு நேரம்.
பனமாலியின் மகள் குனி, ஆறு வயது,
சோற்றை ஒதுக்கிவிட்டு
தட்டின் ஓரத்து எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.
மெற்றில்டா குனிந்து வாசித்தார்:
அழ. நா.
'சோறு தின்னுற தட்டில
அழச் சொல்லி ஆர் எழுதினது?'
அது வீட்டுக்காரரின் விலாசம் என்றேன்.
தலைப்பெழுத்துக்கு இந்த ஊரில் அப்படித்தான் பெயர்.
'விலாசமோ?'
தட்டைக் கொஞ்சம் நேரம் பார்த்தார்.
பிறகு பிள்ளையின் விரலைப் பிடித்து
மறுபடியும் முதலிலிருந்து
அ என்று ஓட்டினார்.

ஒன்பதாம் நாள் மில் சங்கு ஊதியது.
கொட்டகைக்குப் புதுத் தகரம் போட
முதலாளியிடம் கத்தி வாங்கியிருந்தோம்,
தளம் மட்டும் ஒரு முழம் உயர்ந்திருந்தது.
அவ்வளவுதான் முடிந்தது.

வயிரவன் தட்டுகளை எண்ணினார்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
நாற்பதாவது கையில் லேசாக வந்தது.
அலுமினியம். நசுங்கிய விளிம்பு.
பெயர் இல்லை, அடியில் ஓர் எண்,
எந்த முகாமோ என்றைக்கோ
அச்சில் அடித்துக் கொடுத்தது.
வயிரவன் என்னைப் பார்த்தார்.
நான் மெற்றில்டாவைப் பார்த்தேன்.
அவர் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார்.
வெளியே லாரியில்
துணி மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு குனி.

வயிரவன் அந்தத் தட்டை
அடுக்கின் நடுவில் செருகி
சாக்கைக் கட்டினார்.
'எண்ணிக்கை சரி' என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

கயிற்றைச் சுருட்டும்போது
முடிச்சுகளை அவிழ்க்கப் போனேன்.
'வேண்டாம், விடுங்கோ,
அளவு அதிலதான் கிடக்கு'
என்றபடி
பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.